பதினோரு மணிக்கு நம் வீடு

நவம்பர் 28

அண்ணிக்கு,

சௌக்கியமா என்று கேட்டு ஆரம்பிக்க வேண்டும். கேட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.

பத்து மாதம் கழித்து எழுதுகிறேன். ஃபோனில் பேசலாம்தான். ஆனால் நான் கத்துவேன், நீங்கள் அழுவீர்கள், வைத்த பிறகு யார் என்ன சொன்னோம் என்று ரெண்டு பேருக்குமே தெரியாது. காகிதத்தில் எழுதினால் சொன்னது சொன்னபடி நிற்கும்.

இத்துடன் ஒரு புகார் மனு வைத்திருக்கிறேன். எங்கள் சட்டைக் கம்பெனி ஆபீசில் டைப் அடிக்கும் பெண்ணிடம் சொல்லி அடித்தது. ஆஸ்பத்திரி மேலதிகாரிக்கு. அண்ணன் இருபத்தாறு வருஷம் அந்த பாய்லர் ரூமில் வெந்தார். குளிர்காலம் வந்தால் நாலு மாதத்துக்கு ஒரு நாள் ஓய்வு கிடையாது, ஊர் நோயாளிக்கெல்லாம் வெந்நீர் கொடுக்கணும். போன ஜனவரி பதினொன்றாம் தேதி, என் ஆயுசில் முதல் தடவையாக நான் சொந்த வீட்டுக்குக் குடிபோன அன்றைக்கு, ஒரே ஒரு நாள் லீவு கேட்டார். ஃபோர்மேன் தரவில்லை. பதின்மூன்றாம் தேதி காலையில் வேலைக்குப் போகிற வழியில் ஆஸ்பத்திரிப் படியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். மனுவில் இதுதான் இருக்கிறது. ஒரு வார்த்தை கூட்டவில்லை.

பதினொன்றாம் தேதி காலை ஒன்பதேகாலுக்கு அண்ணன் ஃபோன் பண்ணினார். பின்னால் பாய்லர் உஸ்ஸென்று இரைகிறது. “லீவு குடுக்கலை வாலு, நான் என்ன பண்ணட்டும் சொல்லு” என்றார். மிச்சம் பாதி அந்த இரைச்சலில் போய்விட்டது. நான் கேட்ட கடைசிப் பேச்சு அதுதான்.

மனைவி என்ற முறையில் உங்கள் கையெழுத்து வேண்டும். எங்கே போடணும் என்று பென்சிலால் புள்ளி வைத்திருக்கிறேன்.

சாவு வீட்டில் எல்லோர் முன்னாலும் ஃபோர்மேனைத் திட்டிவிட்டு உங்களையும் சொன்னேன். “நீங்கதான் அவரை அனுப்பலை” என்றேன். இன்னும் வாபஸ் வாங்கவில்லை. ஆனால் உங்களைவிட அந்த ஃபோர்மேன் மேல்தான் கோபம் அதிகம் என்று இந்தப் பத்து மாதத்தில் தெரிந்துகொண்டேன். அது உங்களுக்கு லாபம்தானே.

இப்படிக்கு,
உங்கள் நாத்தனார்

டிசம்பர் 4

அன்புள்ள வாலுக்கு,

அண்ணி எழுதுவது. வாலு என்று எழுதலாமா என்று ரொம்ப நேரம் யோசித்தேன். அவர் கூப்பிட்ட பெயர். வேறு பெயர் சொல்லி உன்னை நான் கூப்பிட்டதே இல்லையே, என்ன செய்ய.

உறையில் உன் எழுத்தைப் பார்த்ததும் தபால்காரரை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். “என்னம்மா, சாதாரணத் தபால்தான். புடிங்க, எனக்கு இன்னும் நாலு தெரு இருக்கு” என்றார்.

நான் ஐந்தாவது வரை படித்தவள். உன்னை மாதிரி எழுத வராது. தப்பிருந்தால் திருத்திப் படித்துக்கொள்.

இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் விரிப்பு காய்வதே இல்லை. ஈரம் போகாமல் மடித்தால் வார்டிலிருந்து திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். காலையில் பாய்லர் ரூமைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன். முதலில் சுற்றிக்கொண்டு பின்வழியாகப் போனேன். இப்போது நேராகவே போகிறேன்.

மனுவை மூன்று தடவை படித்தேன். பெரிய வார்த்தையாகப் போட்டு நன்றாக எழுதியிருக்கிறது. ஆனால் நான் கையெழுத்துப் போட மாட்டேன், அம்மா. திருப்பி அனுப்பியிருக்கிறேன். பென்சில் புள்ளியை அழிக்கவில்லை.

ஃபோர்மேன் ஐயா நல்ல மனுஷர். மார்ச்சில் ஓய்வு பெறப் போகிறார். அவர் மேல் தப்பில்லை. ஏன் என்று கேட்காதே. உன் வீட்டுக்காரரையும் மகளையும் கேட்டதாகச் சொல்.

அண்ணி

டிசம்பர் 9

அண்ணிக்கு,

கையெழுத்துப் போட மாட்டேன், ஏன் என்று கேட்காதே. ரொம்ப நல்லாயிருக்கிறது. எங்கள் செக்கிங் டேபிளில் ஒரு பெண், பிசிறு விட்ட சட்டையை அடியில் செருகி வைத்துவிட்டு “மேடம், அதை மட்டும் பிரிக்காதீங்க” என்று சொன்னால், நான் முதலில் எந்தச் சட்டையைப் பிரிப்பேன்?

நானே சொல்லிவிடுகிறேன். ஃபோர்மேன் லீவு தராமல் இல்லை. அண்ணன் கேட்கவே இல்லை. நீங்கள் கேட்க விடவில்லை. “ஆறரை ரயில்ல குளிர்ல போய்ட்டு ராத்திரி திரும்பி வரணுமா, உங்க தங்கச்சி வீடு எங்கே ஓடிப் போகுது” என்று சொல்லியிருப்பீர்கள். அதைச் சொன்ன வாயால் இப்போது எப்படிக் கையெழுத்துப் போடுவது? சரிதானே?

உங்களுக்குத் தெரியாது. எனக்கு ஒன்பது வயதில் அப்பாவும் அம்மாவும் போன பிறகு எத்தனை வாடகை வீடு மாறினோம் என்று அண்ணனுக்கும் எனக்கும்தான் கணக்குத் தெரியும். “ஒரு நாள் உன் சொந்தக் கதவை நான் திறப்பேன் வாலு” என்று சொல்லிச் சொல்லித்தான் என்னைத் தூங்க வைப்பார். அதற்காக அன்றைக்குச் சாமானையெல்லாம் மூணாவது மாடிப் படிக்கட்டில் அடுக்கி வைத்துவிட்டு, பூட்டைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். பதினொன்றரைக்கு அண்ணன் வருவார், சாவியைக் கொடுக்கணும் என்று. மாடியில் இருக்கிறவர்கள் பீரோவைத் தாண்டிக் குதித்துப் போனார்கள். “எத்தனை நேரம்டி?” என்று என் வீட்டுக்காரர் கேட்டதற்கு அவரைக் கடித்துக் குதறினேன். ஒன்பதேகாலுக்கு ஃபோன் வந்தது. அப்புறம் நானே திறந்தேன். சாவி நுழையாமல் தடுக்கியது. தலைகீழாகச் செருகியிருக்கிறேன், பூட்டின் மேல் குற்றமில்லை.

இருபதாம் தேதி மனுவை அனுப்புகிறேன். உங்கள் கையெழுத்து இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி.

இப்படிக்கு,
நாத்தனார்

டிசம்பர் 14

வாலு,

இதை எழுத மூன்று நாள் ஆயிற்று. முதல் இரண்டு நாள் எழுதியதைக் கிழித்துவிட்டேன். இன்றைக்குக் கிழிக்காமல் தபாலில் போட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் இருபதாம் தேதி வந்துவிடும்.

நீ மனுவை அனுப்பினால் அங்கே முதலில் லீவுப் பதிவேட்டைத்தான் எடுப்பார்கள். அதில் ஜனவரி பதினொன்றுக்கு நேராக அவர் பெயரில் லீவு என்று எழுதியிருக்கும். பக்கத்தில் ஃபோர்மேன் ஐயா கையெழுத்து இருக்கும். அதை நீ அத்தனை பேருக்கு நடுவில் நின்று தெரிந்துகொள்ளக் கூடாது. அதனால் நான் சொல்கிறேன்.

அவருக்கு லீவு கிடைத்தது. கேட்ட உடனே கொடுத்தார்கள். “தங்கச்சி வீட்டுக்கா, போய்ட்டு வாய்யா, நான் பாத்துக்கறேன்” என்றாராம் ஃபோர்மேன் ஐயா. அன்றைக்கு உன் அண்ணன் வேலைக்குப் போகவில்லை. உன் வீட்டுக்கும் வரவில்லை. இங்கே, நம் வீட்டில் இருந்தார்.

இதற்கு மேல் படிக்க வேண்டாம் என்று தோன்றினால் நிறுத்திவிடு. நான் எழுதிவிடுகிறேன்.

உன் வீட்டுக்கு வரத்தான் எழுந்தார். குளித்தார். பை கட்டி முந்தின நாளே கதவருகே வைத்திருந்தேன். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து ஒரு காலில் சாக்ஸ் போட்டார். இன்னொரு சாக்ஸ் கையில் இருந்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஜன்னலில் ஒன்றும் தெரியவில்லை. எதிர்வீட்டுச் சுவர்கூட இல்லை. பால் ஊற்றினாற்போல் பனி.

“போகலைன்னா என்ன ஆகும்?” என்றார்.

“வாலு கொன்னுடும்.”

“அது எப்பவும்தான் கொல்லும்.” கொஞ்ச நேரம் அந்த சாக்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார். “லீவு போட்டாச்சு. லீவு போட்ட மனுஷன் வீட்ல இருந்தா என்ன தப்பு?”

நான் ஒன்றும் சொல்லவில்லை. ரயில் போகிற சத்தம் தூரத்தில் கேட்டது. இருவரும் அது முழுசாகப் போகிற வரை கேட்டோம். அப்புறம் அவர் போட்ட சாக்ஸையும் கழற்றிவிட்டார்.

பிறகுதான் பயம் வந்தது. உன்னிடம் என்ன சொல்வது? ஒன்பது மணி வரை வீட்டுக்குள் நடந்தார். “பாய்லர் ரூம்ல இருந்து பேசற மாதிரி இருக்கணும், இல்லாட்டி அவ கண்டுபிடிச்சிடுவா” என்றார். அடுப்பில் உருளைக்கிழங்கு வெந்துகொண்டிருந்தது. குக்கரைப் பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது. “வேண்டாங்க, பாவம்” என்றேன். “விசில் வந்தா சந்தேகப்படுவா. வெயிட்டை லேசாத் தூக்கிப் பிடி. உஸ்ஸுன்னு மட்டும் வரட்டும்” என்றார்.

நான் இடுக்கியால் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன், வாலு. அவர் குக்கருக்குப் பக்கத்தில் குனிந்து உன்னிடம் பேசினார். நீ கேட்ட பாய்லர் அதுதான். நீ சீக்கிரம் ஃபோனை வைக்கவில்லை. திட்டினாய், அப்புறம் அழுதாய், அப்புறம் மறுபடி திட்டினாய். என் கட்டைவிரலில் ஆவி அடித்துக் கொப்பளம் வந்துவிட்டது. உருளைக்கிழங்கு கூழாகிவிட்டது. ஃபோனை வைத்ததும் அவர் கண் கலங்கியிருந்தது. ஆவி பட்டதால் என்றார்.

கூழான கிழங்கில் உப்பும் மிளகும் போட்டுச் சாப்பிட்டோம்.

அதற்குப் பிறகு ஒன்றும் நடக்கவில்லை. அதைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

குளிர்காலத்தில் அவர் வெளிச்சத்தில் வீட்டைப் பார்த்ததே இல்லை. காலை ஆறுக்குப் போனால் மாலை ஆறுக்கு வருவார். கோடையில்தான் ஓய்வு. அப்போது வீடு வேறு மாதிரி இருக்கும், கொதிக்கும், வெளியே படுப்போம். அன்றைக்குப் பதினோரு மணிக்குப் பனி விலகி நடு அறைக்குள் வெயில் வந்தது. ஜன்னல் கம்பியோடு சேர்ந்து தரையில் விரிப்பு போட்டாற்போல் விழுந்தது. அவர் கதவருகே நின்று பார்த்தார். “பதினோரு மணிக்கு நம்ம வீடு இப்படியா இருக்கும்?” என்றார். ஏதோ பிறத்தியார் வீட்டுக்கு வந்தவர் கேட்கிற மாதிரி கேட்டார். “தினமும் இப்படித்தான்” என்றேன். “சொல்லவே இல்லையே நீ.” இதையெல்லாம் போய் யாராவது சொல்வார்களா?

பாயை எடுத்து அந்த வெயிலில் போட்டுப் படுத்தார். வெயில் நகர நகரப் பாயை நகர்த்தினார். அலமாரியிலிருந்து கட்டில் கால் வரை ஆறு தடவை நகர்த்தினார். நான் சிரித்தேன். “இந்தச் சூட்டுக்கு யாரும் மீட்டர் பாத்துக்கிட்டு உக்கார வேண்டாம் பாரு, அது பாட்டுக்கு இருக்கு” என்றார்.

உனக்குத் தெரியும், பாய்லர் இரைச்சலில் இருந்து இருந்து அவர் வீட்டிலும் கத்தித்தான் பேசுவார். அன்றைக்கு மெதுவாகப் பேசினார். திடீரென்று, “அது என்ன சத்தம்?” என்றார். நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். பக்கத்து வீட்டில் துணி உதறுகிறார்கள். மாடியில் தண்ணீர்த் தொட்டி நிரம்புகிறது. “இல்லை, இந்த ம்ம்முன்னு.” “அது நம்ம ஃபிரிட்ஜுங்க.” “இத்தனை வருஷமா இது சத்தம் போடுதா?” என்றார்.

இரண்டு மணிக்குத் தூங்கிவிட்டார். குறட்டைகூட இல்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து பருப்பில் கல் பொறுக்கினேன். கல்லே இல்லை. ஆனாலும் பொறுக்கினேன்.

நாலரைக்கு எழுந்தார். டீ குடித்தோம். வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. விளக்கைப் போடட்டுமா என்றேன். “இருக்கட்டும், இன்னும் கொஞ்சம் இருக்கு” என்றார். இருட்டாகிற வரைக்கும் இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

எழுதிப் பார்த்தால் இவ்வளவுதான் இருக்கிறது.

சாவு வீட்டில் நீ கத்தியபோது ஃபோர்மேன் ஐயா அங்கேயே நின்றார். அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. வாயைத் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. அண்ணன் உன்னிடம் பொய் சொன்னார் என்று நீ நினைப்பதைவிட, அண்ணி கெட்டவள் என்று நீ நினைப்பது பரவாயில்லை என்று பட்டது.

உன் இஷ்டம்.

அண்ணி

டிசம்பர் 27

அன்புள்ள வாலுக்கு,

பதில் வரவில்லை. தபால்காரர் இப்போது என்னைப் பார்த்ததும் தூரத்திலேயே கையை விரிக்கிறார்.

மனுவை அனுப்பிவிட்டாயா என்று மட்டும் ஒரு வரி எழுது. திட்டுவதென்றால் திட்டி எழுது. திட்டுக்காகத்தான் காத்துக்கொண்டிருக்கிறேன்.

இங்கே நல்ல பனி.

அண்ணி

ஜனவரி 2

அண்ணிக்கு,

மனுவை அனுப்பவில்லை. கிழித்து அடுப்பில் போட்டேன். அது உங்களுக்காக இல்லை. அந்த ஃபோர்மேன் மனுஷரை நினைத்துப் போட்டேன். சாவு வீட்டில் அவர் முகத்துக்கு நேராகக் கையை நீட்டி என்னவெல்லாம் சொன்னேன். அவரும் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாரே.

உங்கள் கடிதம் வந்த அன்று சாயங்காலமே குக்கரை அடுப்பில் வைத்தேன். மகளிடம் வெயிட்டைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லிவிட்டு, மொட்டை மாடிக்குப் போய் அவள் ஃபோனுக்குப் பேசினேன். “அம்மா, உனக்கு என்ன ஆச்சு?” என்றாள். “பேசாம பிடிடி” என்றேன். அச்சு அசல் பாய்லர்! முப்பது வருஷம் பிசிறு பிடித்துப் பிடித்து, என் கையிலிருந்து ஒரு கோணல் காஜா தப்பியதில்லை என்று பேர் வாங்கியவள் நான். ஒரு குக்கரில் ஏமாந்து போனேன். என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். அப்புறம் எங்கே போய் நிறுத்துவது என்று தெரியாமல் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

கோபம் வருகிறது, அண்ணி. உங்கள் மேல் இல்லை. அவன் மேல்தான். ஒன்பது வயதிலிருந்து எனக்குச் சொன்ன வாக்கு அது. அதற்காக வீடு வாங்கினேன் என்றுகூடச் சொல்வேன். எல்லாம் தெரிந்தும் வெயிலில் பாயைப் போட்டுப் படுத்திருக்கிறான். பொய் வேறு. செத்தவர்களைத் திட்டக் கூடாது என்பார்கள். ரெண்டு வாரமாகத் திட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். பல் தேய்க்கும்போது, பஸ்ஸில் போகும்போது, சட்டையைப் பிரித்துப் பார்க்கும்போது. எதிரில் நிற்கிற மாதிரியே இருக்கிறது. இத்தனை மாதம் அப்படி இருந்ததில்லை. வேலை செய்து களைத்துச் செத்துப்போன ஒரு ஆள்தான் மனசில் இருந்தான். என் அண்ணன் மாதிரியே இல்லை அந்த ஆள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அன்றைக்கு முழுக்க, ஃபோனை வைத்த பிறகு, என்னைப் பற்றி ஏதாவது பேசினானா? உள்ளதைச் சொல்லுங்கள். எனக்காகக் கூட்டிச் சொன்னால் எனக்குத் தெரிந்துவிடும்.

வாலு

ஜனவரி 6

அன்புள்ள வாலுக்கு,

பேசவில்லை.

நான் நன்றாக யோசித்துப் பார்த்தேன். ஃபோனை வைத்ததும் “பாவம்” என்று ஒரு வார்த்தை சொன்னார். உன்னையா, கிழங்கையா தெரியவில்லை. அதற்குப் பிறகு உன்னைப் பற்றிப் பேசவில்லை. என்னைப் பற்றியும் பேசவில்லை. ஆஸ்பத்திரி, நாளைக்கு என்ன, ஒன்றும் இல்லை. உன்னை மறந்துவிட்டு இருந்தார் என்று சொல்ல மாட்டேன். எதையும் நினைக்காமல் இருந்தார். அப்படி அவரை நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

“அவ கேட்டா நாளைக்குச் சமாதானம் பண்ணிக்கலாம்”, “அடுத்த மாசம் போய்ட்டு வரலாம்” என்று அவர் சொன்னதாக எழுதலாம் என்று பேனாவை வைத்தேன். உனக்கும் நிம்மதியாக இருக்கும். ஆனால் கூட்டிச் சொன்னால் தெரிந்துவிடும் என்று நீதான் எழுதியிருக்கிறாயே.

நானும் ஒன்றை மறைத்துவிட்டேன். சாக்ஸைப் பிடித்துக்கொண்டு கேட்டபோது நான் ஒன்றும் சொல்லவில்லை என்று எழுதியிருந்தேன். அது பொய். “இருங்க” என்றேன். ஒரு வார்த்தைதான். ஆனால் அதைச் சொல்லாவிட்டால் அவர் மற்ற சாக்ஸையும் போட்டிருப்பார். உன் வீட்டுக் கதவைத் திறந்திருப்பார். ஆக, சாவு வீட்டில் நீ சொன்னது முழுக்க வீண்பழி இல்லை.

ஏன் சொன்னேன் தெரியுமா? இத்தனை வருஷத்தில் அவருக்குக் கிடைத்த லீவெல்லாம் எங்கே போயிற்று என்று உனக்கே தெரியும். உன் கல்யாணம், உன் பிரசவம், உன் வீட்டுக்காரருக்கு ஆபரேஷன், உன் மகள் காலேஜில் சேர்ந்தது. நான் ஒன்றும் சொன்னதில்லை. எங்களுக்குக் குழந்தை இல்லை, லீவு எடுக்கிற மாதிரி ஒரு காரியமும் எங்கள் வீட்டில் நடந்ததில்லை. காரியமே இல்லாமல் ஒரு நாள் எனக்கு வேண்டும் என்று எப்படிக் கேட்பது? அன்றைக்குத்தான் வாய் வந்துவிட்டது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இதையும் கேட்டுவிட்டுத் திட்டு. போன ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேலை இல்லை. தலைக்குக் குளித்துவிட்டு நடு அறையில் பதினோரு மணி வெயிலில் உட்கார்ந்தேன். தலை காய்கிறது. ஃபிரிட்ஜ் ம்ம் என்கிறது. ஒரு பூனை ஜன்னல் விளிம்பில் வந்து உட்கார்ந்து என்னைப் பார்த்துவிட்டுப் போயிற்று. திடீரென்று பார்த்தால், வாலு, நான் நன்றாக இருக்கிறேன். ஒரு குறையும் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறேன். அவர் போய் வருஷம்கூட முடியவில்லை. சட்டென்று எழுந்து உள்ளே போய் இருட்டில் நின்றுகொண்டேன். யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள்? யாரும் பார்க்கவில்லைதான். நீ பார்த்தால் என்ன நினைப்பாய் என்றுதான் நினைத்தேன்.

உன்னிடம் மறைத்தது இனி ஒன்றும் இல்லை.

அண்ணி

ஜனவரி 15

அண்ணி,

இது நியாயமா? வந்து செருப்பைக் கழற்றும்போதே சொன்னேன், “அஞ்சு மணி ரயில்ல போயாகணும், நாளைக்குக் காலைல இன்ஸ்பெக்‌ஷன், நான் இல்லாம லாட்டு வெளியே போகாது” என்று. சொன்னேனா இல்லையா? எழுப்பியிருக்கக் கூடாதா? மறுநாள் நான் போவதற்குள் அந்தப் பெண்கள் பாட்டு பாடிக்கொண்டே நானூறு சட்டையை மூட்டை கட்டி அனுப்பிவிட்டார்கள். ஒரு சட்டைகூடத் திரும்பி வரவில்லை. இனி என்னை அங்கே யார் மதிப்பார்கள்?

நான் எதற்கு வந்தேன் என்று உங்களுக்குத் தெரியாது. சொல்கிறேன். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு, பதில் எழுதினால் அடங்காது, நேரில் போய்க் கேட்டுவிட வேண்டும் என்று பதின்மூன்றாம் தேதி ரயில் ஏறினேன். என் லீவுக் கணக்கெல்லாம் எடுத்துப் போட்டிருந்தீர்களே, அதற்கு. “இருங்க” என்றதற்கு. கேட்க வேண்டியதைச் சீட்டில் எழுதி எண் போட்டு வைத்திருந்தேன். பதினொன்று இருந்தது. பஸ்ஸிலிருந்து உங்கள் வீடு வரை மூன்றாவது கேள்வியை எப்படி ஆரம்பிப்பது என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தேன்.

நீங்கள் கதவைத் திறந்து, “வா, கால் ஜில்லுன்னு இருக்கும், வெயில்ல வை” என்றீர்கள். அவ்வளவுதான் சொன்னீர்கள். நான் காலைத்தான் வைத்தேன். அப்புறம் உட்கார்ந்தேன். சோறு போட்டீர்கள். முதுகில் வெயில். நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஒரு நிமிஷம் கண்ணை மூடிவிட்டு முதல் கேள்வியை ஆரம்பிக்கலாம் என்று சாய்ந்தேன்.

கண்ணைத் திறந்தால் அறையெல்லாம் சாம்பல் நிறமாக இருக்கிறது. எந்த ஊர், என்ன வயசு என்று ஒரு நொடி தெரியவில்லை. யாரோ அறையில் இருக்கிறார்கள், நான் தூங்கலாம், ஒன்றும் ஆகாது என்பது மட்டும் தெரிந்தது. அப்படித் தூங்கி எனக்கு நாற்பது வருஷம் ஆகிறது. அப்புறம்தான் ரயில் ஞாபகம் வந்து உங்களைப் பார்த்துக் கத்தினேன்.

சீட்டு கைப்பையிலேயே இருக்கிறது. திரும்பி வரும் ரயிலில் எடுத்துப் பார்த்தேன். இரண்டு கேள்வி நல்ல கேள்வி. அடுத்த தடவை வந்து கேட்கிறேன், தப்பிக்க முடியாது.

பன்னிரண்டரையிலிருந்து ஐந்தரை வரைக்கும் தூங்கியிருக்கிறேன். அத்தனை நேரம் நீங்கள் என்னதான் பண்ணிக்கொண்டிருந்தீர்கள்?

வாலு

ஜனவரி 20

அன்புள்ள வாலுக்கு,

உன் கடிதம் வந்தது. தபால்காரர் தெருமுனையிலிருந்தே ஆட்டிக் காட்டிக்கொண்டு வந்தார்.

உன்னை எழுப்பத்தான் வந்தேன். நாலு மணிக்குக் கைகூட நீட்டினேன். வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாய். கைப்பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு, ஒரு கை அதன் வாரைப் பிடித்தபடியே இருக்கிறது. யாரோ பிடுங்கிக்கொண்டு போகிற மாதிரி. அப்புறம் அந்தக் கை தானாக விட்டுவிட்டது. அதைப் பார்த்துவிட்டு நான் கையை எடுத்துக்கொண்டேன். நானூறு சட்டை போனால் போகட்டும்.

என்ன பண்ணிக்கொண்டிருந்தேன் என்று கேட்டிருக்கிறாய். பெரிதாக ஒன்றும் இல்லை. பாத்திரம் துலக்கினால் சத்தம் வரும் என்று துலக்கவில்லை. கொடியில் துணி காய்ந்து கிடந்தது, எடுக்கவில்லை. வாசல் கதவு தட்டுகிறார்களோ என்று ஒரு தடவை எழுந்து போனேன், காற்றுதான். உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வெயில் உன் முகத்துக்கு வந்தபோது ஜன்னல் கதவைப் பாதி சாத்தினேன். அது போன பிறகு திறந்தேன். உன் கால் போர்வைக்கு வெளியே வந்தது. இழுத்து மூடினேன். நீ உதைத்துத் தள்ளினாய். மறுபடி மூடினேன்.

அன்றைக்கு முழுக்க நான் நன்றாக இருந்தேன். எழுந்து உள்ளே போய் இருட்டில் நிற்கவில்லை.

அண்ணி